கூகுள் ட்ரெண்ட்ஸ்: செம்பூர் டப்பா சமையலறையில் ஐந்து வருடம்

நான் இருப்பது மும்பை செம்பூரில், செட்டா நகர் முருகன் கோயிலுக்கு நடந்தே போகிற தூரம். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். 2017 முதல் வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாட்டு டப்பா கொடுக்கிறேன். இந்த மாதக் கணக்கு 46 டப்பா. மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே பார்த்தாலும் என்னைப் போல டப்பா போடுகிற தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் எல்லாருக்கும் வருகிற போன் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "ஆண்டி, கீட்டோ போடுவீங்களா?" "மில்லெட் உண்டா?" "நான் ஐ.எஃப். இருக்கேன், பன்னிரண்டரைக்கு முன்னால அனுப்பாதீங்க." கீட்டோ என்றால் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற உணவுமுறை, மில்லெட் நம் சிறுதானியம், ஐ.எஃப். என்பது நேரம் பார்த்துப் பட்டினி இருக்கிற 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்'. இதில் எது இரண்டு வாரத்தில் போகும், எது நிற்கும் என்று தெரியாமல் மளிகை வாங்க முடியாது. அதற்கு நான் பிடித்துக்கொண்ட துணைதான் கூகுள் ட்ரெண்ட்ஸ்.

சொல்லிக்கொடுத்தது என் அண்ணன் மகன். ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். அன்றைக்கு என் போனை வாங்கி ஒரு சொல்லைப் போட்டான், நீலக் கோடு ஒன்று மேலும் கீழுமாக ஓடியது. காசு கிடையாது, கணக்குத் திறக்க வேண்டாம். 2004 ஜனவரி முதல் இன்றுவரை அந்தச் சொல்லை மக்கள் கூகுளில் எப்படித் தேடினார்கள் என்று காட்டும். நாடு மாற்றலாம், மாநிலம் மாற்றலாம், யூடியூப் தேடலை மட்டும் தனியாகப் பார்க்கலாம், சில சொற்களை ஒன்றாக வைத்து ஒப்பிடலாம்.

முதலில் அந்த 100 என்கிற எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று. கோட்டின் உச்சியில் 100 என்று இருந்தால் நூறு பேரும் இல்லை, நூறாயிரம் பேரும் இல்லை. நாம் கேட்ட காலத்தில், கேட்ட ஊரில், மொத்தத் தேடலில் அந்தச் சொல்லுக்கு எந்த வாரம் அதிகப் பங்கு கிடைத்ததோ அந்த வாரத்துக்கு 100 போட்டுவிடுவார்கள். மற்ற வாரமெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான். என் வீட்டில் தீபாவளிக்கு 60 முறுக்கு சுட்டால் அது எனக்கு 100. பக்கத்து மிட்டாய்க் கடையில் 6,000 சுட்டால் அது அவர்களுக்கு 100. இரண்டு கோட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே அளவு வியாபாரம் செய்கிற மாதிரிதான் தெரியும். அதனால்தான் ஒரு சொல்லைத் தனியாகப் போட்டுப் பார்க்கவே கூடாது என்கிறேன். பக்கத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் போட வேண்டும். நான் எப்போதும் 'இட்லி' என்று ஆங்கில எழுத்தில் ஒரு கோடு சேர்த்துவிடுவேன். அதன் பக்கத்தில் நிற்க வைத்தால் புதுச் சொல்லின் உயரம் தெரிந்துவிடும்.

இது தெரியாமல் 2020ல் 7,600 ரூபாய் போயிற்று. ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த அக்டோபர் மாதம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் டப்பா கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரவு 'கீட்டோ டயட்' என்று போட்டுப் பார்த்தேன். கோடு பனைமரம் மாதிரி செங்குத்தாக நின்றது. ஊரே கீட்டோ கேட்கிறது, நாம்தான் சாம்பாரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்து, கிலோ 950க்கு எட்டுக் கிலோ பாதாம் மாவு வாங்கினேன். பாதாம் மாவு அடை, காலிஃபிளவரைத் துருவிச் செய்கிற 'சோறு', பன்னீர்ப் பொரியல் என்று மெனு எழுதி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டே பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் நான்காம் நாள் ரசம் சாதத்துக்குத் திரும்பிவிட்டார். மும்பை ஈரக் காற்றில் பாதாம் மாவு எத்தனை நாள் தாங்கும்? டிசம்பருக்குள் காறல் வாடை வந்துவிட்டது. மிச்சம் மூன்று கிலோவைக் கொட்டினேன். சாப்பாட்டுப் பொருளைக் கொட்டுவது எனக்குப் பெரிய வேதனை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அடுத்த முறை வந்தபோது அண்ணன் மகன் அதே கோட்டைத் திறந்து கீழே இறக்கினான்.

"அத்தை, இதைப் பாத்தீங்களா? இதோட சேத்து என்ன தேடிருக்காங்கன்னு இங்க இருக்கு."

"அதுல என்ன இருக்குய்யா?"

"பயம் இருக்கு அத்தை."

அந்த அக்டோபர் தொடக்கத்தில் இந்தி, வங்காளப் படங்களில் நடித்த ஓர் இளம் நடிகை இறந்துபோயிருந்தார். கீட்டோ உணவுமுறையால் சிறுநீரகம் செயலிழந்ததாக அவர் தரப்பில் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறது. கீட்டோ என்றால் என்ன, அதனால் சிறுநீரகம் கெடுமா, பக்க விளைவு என்ன என்று. அதையெல்லாம் நான் பசி என்று படித்துவிட்டேன். கோட்டுக்கு ஆசையும் பயமும் ஒன்றுதான். இரண்டும் மேலேதான் ஏறும். கீழே இருக்கிற அந்தத் 'தொடர்புடைய தேடல்கள்' பட்டியலைப் படிக்காமல் கோட்டை மட்டும் பார்த்து யாரும் ஒரு கிலோ மாவுகூட வாங்காதீர்கள். அந்தப் பட்டியலில் 'பிரேக்அவுட்' என்று ஒரு குறிப்பு வரும். முன்பு இருந்ததைவிட 5,000 சதவீதத்துக்கு மேல் தேடல் ஏறியிருக்கிறது என்று பொருள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் முன்பு யாருமே தேடாத சொல்லாக இருந்தால் கொஞ்சம் பேர் தேடினாலே அந்தக் குறிப்பு வந்துவிடும்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். கீட்டோ என்று தேடுகிறவர்களில் காக்காய் வலிப்பு வருகிற குழந்தையின் தாயும் இருப்பாள். அந்த உணவுமுறை பிறந்ததே அதற்காகத்தான். 1921ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக அதைக் கொண்டுவந்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் இன்றும் கொடுக்கிறார்கள். அந்தத் தாயின் தேடலும், கல்யாணத்துக்குள் இளைக்க நினைக்கிற பெண்ணின் தேடலும், செய்தி படித்துப் பயந்தவரின் தேடலும் ஒரே நீலக் கோட்டுக்குள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டபின், டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் இல்லாமல் கீட்டோ டப்பா போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதில் மாற்றமில்லை.

குறையை இவ்வளவு சொல்கிறவள் ஏன் ஐந்து வருடமாக இதை விடவில்லை என்றால், மாதக் கணக்குக்கு இதைப் போல் உதவி வேறு இல்லை. கீட்டோவோ எடை குறைப்போ, எந்தச் சொல்லைப் போட்டாலும் ஐந்து வருடக் கோட்டில் ஜனவரிக்கு ஜனவரி ஒரு பல் நிற்கும். டிசம்பரில் பள்ளம், புத்தாண்டு பிறந்ததும் ஏற்றம், பிறகு மெல்ல இறக்கம். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கீட்டோவின் உச்சம் 2019 ஜனவரி. அதற்கு முன்னால் அட்கின்ஸ் என்று ஒன்று இருந்தது. அதுவும் மாவுச்சத்தைக் குறைக்கிற முறைதான். கோடு தொடங்குகிற 2004லேயே உயரத்தில் இருந்து இறங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். 2005ல் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. ஒரு முறையின் பெயர் போகும், அடுத்த பெயர் வரும், ஜனவரி மட்டும் மாறாது. இதைப் பார்த்த பிறகு, ஜனவரி 2 முதல் பிப்ரவரி பாதிவரை 'சோறு குறைவு, காய் இரட்டிப்பு' என்று தனி டப்பா போடுகிறேன். அதற்கென்று தனிப் பொருள் எதுவும் வாங்குவதில்லை. அதே கூட்டு, அதே பொரியல், அளவு மட்டும் வேறு. போன ஜனவரியில் 46ல் 19 பேர் அதற்கு மாறினார்கள். மார்ச்சில் 5 பேர் மிச்சம். எனக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை.

இரண்டாவது உதவி நவராத்திரி. இதை எந்த டயட் கட்டுரையிலும் எழுத மாட்டார்கள், ஆனால் மும்பையில் இதுதான் பெரிய உணவுக் கட்டுப்பாடு. 'சாபுதானா கிச்சடி' (உபவாசத்துக்குச் செய்கிற ஜவ்வரிசிக் கிச்சடி) என்று போட்டு மகாராஷ்டிரத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மகாசிவராத்திரி, ஆஷாடி ஏகாதசி, நவராத்திரி என்று வரிசையாகக் கூர்கள் நிற்கும். தேதியைச் சொல்ல வீட்டுச் சுவரில் தொங்குகிற காலநிர்ணய் காலண்டர் போதும். ட்ரெண்ட்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, தேடல் பண்டிகை அன்றைக்குத் தொடங்காமல் அதற்கு முன்பே ஏறத் தொடங்குகிறது என்பதை. அதைப் பார்த்துத்தான் உபவாச மெனுவை மூன்று நாள் முன்னதாக அனுப்புகிறேன். முன்பெல்லாம் பண்டிகைக்கு முந்தின நாள் இரவுதான் அனுப்புவேன். அதற்குள் பாதிப் பேர் வேறெங்காவது சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் எதிர்வீட்டு மராட்டிக்கார அக்காவைச் சொல்ல வேண்டும். என்னை வஹினி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். உபவாசத்துக்கு அவர் வீட்டில் 'பகர்' செய்வார்கள். ஒருநாள் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் வைத்ததும் எனக்கு ஆச்சியின் சமையல் நினைவு வந்துவிட்டது. நம் சாமை, குதிரைவாலி வகைதான் அது. அதே தானியத்தை உபவாசக்காரர்கள் பகர் என்று தேடுகிறார்கள், சென்னைப் பக்கத்தார் குதிரைவாலி என்று தேடுகிறார்கள், பவாயில் ஆபீஸ் போகிற பிள்ளைகள் மில்லெட் என்று தேடுகிறார்கள். இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, மில்லெட் என்ற சொல் மட்டும் வாடிக்கையாளர் வாயில் ஏறிக்கொண்டே வந்தது. நான் இப்போது ஒரே பானையில் பொங்கி, மூன்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று பெயரில் எழுதுகிறேன். பொருள் இன்னது என்று மூன்றிலும் தெளிவாகச் சொல்லிவிடுவேன். கிலோ கணக்கில் முன்பைவிட இரண்டு மடங்கு வாங்குகிறேன். ட்ரெண்ட்ஸ் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த காசு பெரும்பாலும் இதில்தான்.

சொல் விஷயத்தில் குழிகளும் உண்டு. வெறும் 'டயட்' என்று ஆங்கிலத்தில் போட்டால், நம் நாட்டில் அது மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்தின் சுருக்கப் பெயரும்கூட. உடம்பை இளைக்க நினைப்பவர்களோடு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் தேடுகிற பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். ஜப்பான் நாடாளுமன்றத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். ஐ.எஃப். என்று சுருக்கிப் போட்டால் ஆங்கிலத்தில் அது வேறு சொல்லாகிவிடும். இதற்காகவே, நாம் எழுதும்போது கீழே வருகிற பட்டியலில் 'தலைப்பு' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது பல மொழி, பல எழுத்துக்கூட்டல் எல்லாம் ஒரே பொருளின் கீழ் சேர்ந்து வரும். தமிழ் எழுத்தில் 'பேலியோ' என்று இன்னொரு உணவுமுறையின் பெயரைப் போட்டால் கோடு பூஜ்யம், பூஜ்யம், திடீரென்று 100, மறுபடி பூஜ்யம் என்று பல்லிளிக்கும். தேடுகிறவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அப்படித்தான் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எண்களும் இன்றைக்குப் பார்த்ததுபோல நாளைக்கு இருக்காது, ஒன்றிரண்டு மாறும். எல்லாத் தேடலையும் எண்ணாமல் கொஞ்சம் அள்ளிப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். மாநில வரைபடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அங்கேயும் பங்குதான் கணக்கு என்பதால் மக்கள்தொகை குறைந்த சின்ன மாநிலம் முதலில் வந்து நிற்கும், நாம் இங்கே டப்பா வைத்துக்கொண்டு திகைப்போம்.

உணவுமுறைப் பெயர் தெரிந்தவர்கள்தான் உணவுமுறைப் பெயரைத் தேடுவார்கள். மற்றவர்கள் தேடுவது வேறு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தபோது நான் தேடியது எந்த டயட்டின் பெயரையும் இல்லை. 'சுகர் இருந்தா வாழைப்பழம் சாப்பிடலாமா' என்று போனில் பேசித்தான் தேடினேன். சென்னை டாக்டர் மோகன் நடத்தும் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து செய்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், வரும் நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்று அதில் சொல்லியிருந்தார்கள். இவர்களெல்லாம் 'மெடிட்டரேனியன் டயட்' என்றா தேடுவார்கள்? 'தொப்பை குறைய', இந்தியில் 'வஜன் கம் கைசே கரே' (எடையை எப்படிக் குறைப்பது) என்று தேடுவார்கள். அந்தச் சொற்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு என் வாடிக்கையாளர்கள் யார் என்று புரிந்தது. கீட்டோ கேட்டவர்கள் சத்தமாகக் கேட்டார்கள். சர்க்கரைக்காரர்கள் கேட்கவே இல்லை, டப்பாவில் சோற்றைப் பாதி மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வருகிற டப்பாவைத் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. தினமும் நோட்டில் எழுதுகிறேன். எந்தக் கோட்டையும்விட அந்த நோட்டைத்தான் முதலில் நம்புகிறேன்.

தெரிந்ததை யாரும் தேட மாட்டார்கள் என்பதும் இதில் இருக்கிறது. என் அம்மா நாற்பது வருடம் வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருந்தார். இன்று அதையே 16:8, அதாவது 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு, என்று கணக்குப் போட்டு இருக்கிறார்கள். தவறில்லை, செய்யட்டும். 2016ல் ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமி நோபல் பரிசு வாங்கியதை ஆதாரமாக அனுப்புவார்கள். அவர் ஈஸ்ட் செல்லுக்குள் பழைய பாகங்கள் எப்படி அழிந்து மறுபடி பயன்படுகின்றன என்று கண்டுபிடித்தார், யாருக்கும் சாப்பாட்டு நேரம் எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் ஒருபொழுது இருக்கிற ஆயிரம் அம்மாக்கள் கூகுளின் எந்தக் கோட்டிலும் இல்லை. எப்படி இருப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூகுள்காரர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள் என்று அண்ணன் மகன் சொன்னான். தேடலை வைத்தே காய்ச்சல் பரவுவதைச் சொல்லிவிடலாம் என்று 2008ல் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையில் டாக்டரிடம் போனவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கணித்துவிட்டது. 2015ல் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் செய்தியைப் பார்த்துத் தேடியவர்களும் காய்ச்சல் வந்தவர்களோடு சேர்ந்து எண்ணப்பட்டது ஒரு காரணம் என்றார்கள். என் எட்டுக் கிலோ பாதாம் மாவும் அதே கதைதான் என்று தெரிந்தபோது மனது கொஞ்சம் ஆறியது.

மதிப்பெண் கேட்டால் 5க்கு மூன்றரை. எப்போது, எந்தப் பெயரில் என்ற இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். எத்தனை டப்பா என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை. போனில் பார்ப்பது கடினம், கோட்டின் மேல் விரல் வைத்தால் வேறெங்கோ போகும். முடிந்தால் கம்ப்யூட்டரில் பாருங்கள்.

கடைசியாகப் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். 2025 மார்ச்சில் பசியைக் குறைத்து எடையை இறக்குகிற மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வீகோவி. அதன்பின் எடை குறைப்பு பற்றிய தேடல்களை நான் திறக்கும்போதெல்லாம் டயட் பெயர்களோடு ஊசிப் பெயர்களும் கண்ணில் படுகின்றன. இம்முறை நான் கோட்டைப் பார்த்து எதுவும் வாங்கவில்லை. ஆகஸ்டில் ஒருவருடைய டப்பா தொடர்ந்து ஒன்பது நாள் முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது. சமையலில் குறையோ என்று போன் செய்தேன். "ஆண்டி, ருசி நல்லாத்தான் இருக்கு. டாக்டர் ஊசி போடுறார், நாலு வாய்க்கு மேல இறங்கல," என்றார். பருப்பும் காயும் மட்டும் கூட வைத்து, சோறு ஒரு கரண்டி போதும் என்றார். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துப் பாத்திரக் கடையில் ஆறு சின்ன டப்பா வாங்கினேன், ஒன்று 180 ரூபாய். இப்போது நான்கு போய் வருகின்றன.